ஒன்பது வயது மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கலாமா?

ஈரோட்டிலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். மகளுக்கு ஒன்பது வயது, மெட்ரிக் பள்ளியில் நான்காம் வகுப்பு. சில மாதங்களாகக் காலையில் யூனிஃபார்ம் போடும்போதே வயிறு வலிக்கிறது என்று அழுகிறாள். ஞாயிற்றுக்கிழமை வலிப்பதில்லை. மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். சிபிஎஸ்இ பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்பது கணவரின் யோசனை. இவருக்கோ வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. "சர்டிபிகேட் இல்லாமல் பிள்ளை என்ன ஆவாள்?" என்று மாமனார் கேட்கிறார். வீட்டுக்கல்வி சட்டப்படி சரியா, இதே பள்ளி, சிபிஎஸ்இ, வீடு என்ற மூன்றில் எது நல்லது என்பதுதான் கேள்வி.

சகோதரி, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றியப் பள்ளிகளில் ஆசிரியராகவும் தலைமை ஆசிரியராகவும் இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் படிக்கும் சில பிள்ளைகளுக்குத் தேர்வெழுத வழிகாட்டி வருகிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த வயிற்றுவலி. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மகளின் தண்ணீர் பாட்டில் மாலையில் எப்படித் திரும்பி வருகிறது என்று ஒரு வாரம் பாருங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தனியார் பள்ளியிலிருந்து எங்கள் பள்ளிக்கு ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். "படிப்பு ஏறல சார், அதான் இங்க கொண்டாந்தோம்" என்றார் அம்மா. பிள்ளை நன்றாகவே படித்தாள். ஆனால் காலையில் நிரப்பிக்கொண்டு வந்த பாட்டில் நாலு மணிக்கும் கழுத்து வரை நிரம்பியே இருந்தது. கவனித்தவர் சத்துணவு சமைக்கும் அக்கா, நான் இல்லை. மெதுவாகக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. பழைய பள்ளியில் இடைவேளை தவிர மற்ற நேரத்தில் கழிப்பறைக்கு விடமாட்டார்கள். இடைவேளையில் போனால் தாழ்ப்பாள் இல்லாத கதவு. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டே இருந்து, வயிறு வலித்து, அது "படிப்பு வராத பிள்ளை" என்ற பெயராகிவிட்டது. எங்கள் பள்ளிக் கழிப்பறையும் அப்போது ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஒரு தாழ்ப்பாள் வாங்கி அடித்தோம், அவ்வளவுதான். அவள் பாட்டில் பாதியாகக் குறைந்து வர மூன்று மாதம் ஆனது.

உங்கள் மகளுக்கும் இதுதான் என்று சொல்லவில்லை. ஓர் ஆசிரியரின் கத்தலாக இருக்கலாம், வேனில் பக்கத்தில் உட்காரும் பையனாக இருக்கலாம், எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்படும் டிஸ்லெக்சியாவாகக்கூட இருக்கலாம். அடியோ, மனம் நோகச் செய்யும் தண்டனையோ இருந்தால் அது கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி தடை செய்யப்பட்டது. தனியார் பள்ளிக்கும் அது பொருந்தும். காரணம் தெரியாமல் பள்ளியை மாற்றினால் வலியும் கூடவே வரும். வீட்டில் வைத்துக்கொண்டால் வலி நின்றுவிடும், ஆனால் எதனால் வந்தது என்பது கடைசி வரை தெரியாது.

இப்போது சட்டம். 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை இலவச, கட்டாயக் கல்வி என்கிறது. "கட்டாயம்" என்ற சொல்தான் எல்லாரையும் பயமுறுத்துகிறது. சட்டத்தின் 8ஆம் பிரிவைப் படித்தால், அந்தக் கட்டாயம் அரசின் மேல் வைக்கப்பட்ட கடமை என்பது தெரியும். பள்ளி இருக்க வேண்டும், ஆசிரியர் இருக்க வேண்டும், பிள்ளை சேர்ந்து படித்து முடிப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10ஆம் பிரிவும் சொல்கிறதுதான். ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. 2012இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் இதுபற்றிய வழக்கு வந்தபோது, வீட்டுக்கல்வியைத் தாமாகத் தேர்ந்துகொள்ளும் பெற்றோருக்குச் சட்டம் குறுக்கே நிற்காது என்றுதான் மத்திய அரசு சொன்னது. ஆக, ஜெர்மனியைப் போல இங்கே தடை இல்லை. அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் இருப்பதைப் போலச் சட்டப்படியான வெளிப்படையான அனுமதியும் இல்லை. நடுவில் நிற்கிறோம்.

நடுவில் நிற்பது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் டிசி வாங்கியதும், எமிஸ் எனப்படும் பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் மகளின் பெயர் பழைய பள்ளியிலிருந்து நீங்கிப் பொதுத் தொகுப்புக்குப் போகும். வேறு எந்தப் பள்ளியும் இழுத்துக்கொள்ளாவிட்டால், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் அவள் பெயர் வரும். வட்டார வள மையத்திலிருந்து ஓர் ஆசிரியர் பயிற்றுநரோ, பக்கத்துப் பள்ளி ஆசிரியரோ வீட்டுக்கு வருவார். நானே அப்படிப் பல வீடுகளின் வாசலில் நின்றிருக்கிறேன். பயப்பட வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். செங்கல் சூளையிலும் விசைத்தறியிலும் முடங்கிப்போகும் பிள்ளைகளைத் தேடித்தான் அந்தக் கணக்கெடுப்பு. அதில் ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்துப் பள்ளிக்குக் கூட்டிவருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்களுக்குத் தெரியும். பிள்ளை என்ன படிக்கிறாள் என்று நோட்டை எடுத்துக் காட்டுங்கள், போய்விடுவார்.

மாமனாரின் கேள்விக்கு வருகிறேன். சான்றிதழுக்கு வழி இருக்கிறது, ஒன்றுக்கு இரண்டாகவே இருக்கிறது. ஒன்று, நம் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வு. 12½ வயது நிறைந்தால் எட்டாம் வகுப்பு, 14½ நிறைந்தால் பத்தாம் வகுப்பு எழுதலாம். பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு முன்கூட்டியே பெயர் பதிந்து செய்முறைப் பயிற்சிக்குப் போக வேண்டும். பலர் இதைக் கோட்டைவிட்டு ஓர் ஆண்டை இழக்கிறார்கள். இன்னொன்று என்ஐஓஎஸ் எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். 14 வயதில் பத்தாம் வகுப்பு. ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு. பாடங்களைப் பிரித்துப் பிரித்து ஐந்து ஆண்டுக்குள் முடிக்கலாம். அதில் பன்னிரண்டு முடித்தவர்கள் நீட் எழுதலாமா என்று நெடுநாள் இருந்த சிக்கலும் 2024இல் உச்ச நீதிமன்றத்தில், எழுதலாம் என்றே தீர்ந்தது. எந்த வழியில் போனாலும் தமிழை ஒரு பாடமாக எடுக்க வையுங்கள். மாநில அரசு வேலை என்ற எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் மாநில வாரியத் தனித்தேர்வே நிம்மதி.

திரும்பி வர நினைத்தாலும் கதவு திறந்திருக்கிறது. இதைப் பெரும்பாலான பெற்றோர் அறிவதில்லை. இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், விட்டுப்போனதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. டிசி வரத் தாமதமாகிறது என்று சேர்க்கையை மறுக்க முடியாது. எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் இது ஒரு பிரச்சினையே இல்லை.

ஆனால் மூடிவிட்டால் திரும்பத் திறக்காத ஒரு கதவும் தமிழ்நாட்டில் உண்டு. அதுதான் ஆறாம் வகுப்பு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். 2021இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் இதே ஆறு முதல் பன்னிரண்டு என்ற கணக்குதான் அடிப்படை. எட்டாம் வகுப்பு வரை வீட்டில் வைத்திருந்து ஒன்பதில் அரசுப் பள்ளியில் சேர்த்தால், படிப்பு கிடைக்கும், இந்த உரிமை கிடைக்காது. உங்கள் மகள் இப்போது நான்காம் வகுப்பு. அதாவது உங்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. "பள்ளியா வீடா" என்று இன்று இரவே முடிவெடுக்க வேண்டியதில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

25 சதவீத இடங்களைப் பற்றியும் சிலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் கால்வாசி இடத்தை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும், கட்டணத்தை அரசு தரும் என்ற 12ஆம் பிரிவு அது. எல்கேஜி அல்லது ஒன்றாம் வகுப்பில் நுழைபவர்களுக்கே. நான்காம் வகுப்புக்கு உதவாது. அந்தச் சலுகை எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும் என்பதை அறியாமல் சேர்த்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணச் சீட்டைப் பார்த்துத் திகைத்து நின்ற பெற்றோரை எனக்குத் தெரியும். அப்படி வந்த பிள்ளைகள் 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 சதவீதத்துக்குத் தகுதி உண்டு என்பது ஓர் ஆறுதல். மத்திய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் 2025இல் இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. அதுவரை எத்தனை வீடுகளில் என்ன தவிப்பு இருந்திருக்கும் என்று நினைத்தாலே வேதனை.

சிபிஎஸ்இக்கு மாற்றலாம் என்ற உங்கள் கணவரின் யோசனை நாடு முழுக்க நடக்கும் ஒரு விவாதத்தின் வீட்டு வடிவம். பெற்றோருக்குப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கொடுத்தால் போட்டி வரும், போட்டி வந்தால் தரம் உயரும் என்கிறார்கள். அரசு பள்ளிக்குப் பணம் கொடுப்பதை விட்டுவிட்டுப் பெற்றோர் கையில் கூப்பனாகக் கொடுக்கட்டும் என்பது இதன் நீட்சி. இதை வாயால் பேசிக்கொண்டிருக்காமல் சோதித்தே பார்த்தார்கள், நம் பக்கத்திலேயே. பிரிக்கப்படாத ஆந்திரத்தில் 180 கிராமங்களில், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குலுக்கல் முறையில் தனியார் பள்ளிக் கூப்பன் கொடுத்து, நான்கு ஆண்டு தொடர்ந்தார்கள். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2015இல் வெளியிட்ட ஆய்வு அது. கூப்பன் பெற்றுத் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கும், கிடைக்காமல் அரசுப் பள்ளியிலேயே இருந்த பிள்ளைகளுக்கும் தெலுங்கிலும் கணக்கிலும் வேறுபாடு இல்லை. இந்தியில் மட்டும் தெளிவாக முன்னே இருந்தார்கள். அரசுத் தொடக்கப் பள்ளியில் இந்தி சொல்லித்தரவே இல்லை என்பது காரணம்.

நேர்மையாக மறுபாதியையும் சொல்ல வேண்டும். அந்தத் தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செலவழித்தது, அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தெலுங்குக்கும் கணக்குக்கும் குறைந்த நேரமே ஒதுக்கியும் அதே அளவு கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இந்தக் கணக்கு என்னை உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. ஆனால் அந்தச் சிக்கனம் பெரும்பாலும் ஆசிரியருக்குக் கொடுக்கும் அற்பச் சம்பளத்தில் வந்தது. உங்கள் மகளுக்கு வகுப்பெடுப்பவரின் மாதச் சம்பளம் என்ன என்று விசாரித்துப் பாருங்கள். அந்தத் தொகையில் குடும்பம் நடத்தும் ஒரு பெண், நாற்பது பிள்ளைகளின் நோட்டையும் திருத்திவிட்டு, எவ்வளவு பொறுமையோடு இருக்க முடியும்?

நம் ஊரில் "தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு" என்று சொல்கிறோமே, அதில் பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது பாதி, பள்ளி பிள்ளையைத் தேர்ந்தெடுப்பது மீதி. சேர்க்கையின்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் வைக்கக் கூடாது என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. சிலி நாட்டில் 1981இல் நாடு முழுக்கக் கூப்பன் முறையைக் கொண்டுவந்தார்கள். பள்ளிகள் பிள்ளைகளைப் பொறுக்கியெடுப்பதும், கூடுதல் கட்டணம் வாங்குவதும் அங்கே வேரூன்றி, வசதியுள்ளவர் ஒரு பக்கமும் இல்லாதவர் ஒரு பக்கமும் பிரிந்துபோனார்கள். மாணவர் போராட்டங்களுக்குப் பிறகு 2015இல் சட்டம் போட்டு அந்தப் பொறுக்கலை நிறுத்த வேண்டியிருந்தது. நம் ஊரில் ஒன்பதாம் வகுப்பில் சுமாராகப் படிக்கும் பிள்ளையின் கையில் டிசியைக் கொடுத்துவிட்டுப் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டும் பள்ளிகள் உண்டு. அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு படிக்க வைத்தவர்கள் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். அவர்கள் பள்ளியின் சதவீதம் குறைந்தது, யாரும் பேனர் கட்டவில்லை. அதனால் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: வாரியத்தின் பெயரை மாற்றுவதால் மகளின் காலைநேரம் மாறாது. வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஆசிரியர் எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறார், பள்ளி விட்டு வெளியே வரும் பிள்ளைகளின் முகம் எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வீட்டுக்கல்வியைப் பற்றி நான் நல்லதே பார்த்திருக்கிறேன். நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் ஒரு குடும்பத்துப் பையன், பதினொரு வயது. வியாபாரி வந்து நாற்பது தட்டு மிளகாய் நாற்று கேட்டார். ஒரு குழித்தட்டில் 98 குழி. பையன் பேப்பரைத் தொடவில்லை. "நாலாயிரம், அதுல எண்பது போக மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது" என்றான். நான் ஐந்தாம் வகுப்பில் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தும் பாதிப் பேருக்கு வராத வித்தை அது. அதே பையனுக்கு எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு மாதிரித் தாள் கொடுத்தபோது, நாற்பது நிமிடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறினான். தொடர்ந்து எழுதிப் பழக்கமே இல்லை. அதைக்கூட ஆறு மாதத்தில் சரிசெய்துவிட்டோம். அவன் அம்மா சொன்னதற்குத்தான் என்னிடம் மருந்தில்லை: "இவனோட சண்டை போட இவன் வயசுல ஒருத்தன் வேணும் சார்."

அந்த அம்மா கணக்கில் எம்எஸ்சி. நான் வழிகாட்டும் வீடுகளில் ஒன்றில்கூட அப்பா வேலையை விட்டதில்லை. வீட்டுக்கல்வி என்று நாம் பொதுவாகச் சொல்வது, நடைமுறையில் ஒரு தாய் தன் வேலையையும் சம்பளத்தையும் ஓய்வையும் விட்டுக்கொடுப்பதுதான். காலை ஒன்பது முதல் நாலு வரை ஆசிரியர், மற்ற நேரம் அம்மா. பிள்ளைக்கு அம்மா மேல் கோபம் வந்தால் போய்ச் சொல்ல வேறு பெரியவர் இல்லை. உங்கள் கடிதத்தில் "வேலையை விட்டுவிட்டு" என்பது ஒரே வார்த்தையாகக் கடந்துபோகிறது. அதைத் தயவுசெய்து தனியாக எடுத்து வைத்து யோசியுங்கள். ஐந்து ஆண்டு கழித்து மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது உங்களுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்குமா?

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. பள்ளிக்கு மாற்றாக யோசித்தவர்களின் நல்ல யோசனைகள் பொதுப்பள்ளிக்குள் வரவே வராது என்பதில்லை. ஆந்திரத்தின் ரிஷிவேலி என்ற மாற்றுக் கல்விப் பள்ளியில், கிராமத்துப் பிள்ளைகளுக்காக அட்டைகளை வைத்து அவரவர் வேகத்தில் படிக்கும் முறையை உருவாக்கியிருந்தார்கள். 2003 வாக்கில் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் தம் பள்ளி ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பார்த்துவரச் செய்தார். 13 பள்ளிகளில் ஆரம்பித்தது, 2007-08இல் மாநிலத்தின் எல்லா அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிக்கும் செயல்வழிக் கற்றலாக வந்தது. எங்கள் பள்ளியில் பெஞ்சை எடுத்துப் பாய் விரித்தோம். சுவரின் அடியில் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள். அதுவரை நான் நின்றுகொண்டு பேசியே பழகியவன். முதல் முறையாகப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தேன். அதில் குறைகளும் வந்தன, அட்டை அடுக்குவதே வேலையாகிப்போன வகுப்புகளும் இருந்தன. இருந்தாலும், ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை வாயே திறக்காமல் போய்விடும் பிள்ளைகள் பேச ஆரம்பித்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் யாருக்கும் வேலையை விட்டுவிட்டு வீட்டில் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு கிடையாது.

ஆகவே என் கருத்து இது. இந்த ஆண்டு முடியும் வரை காரணத்தைத் தேடுங்கள். பள்ளிக்கே போக முடியாத அளவு அழுகிறாள் என்றால், ஒரு மாதம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். குடி முழுகிவிடாது. வேலையை ராஜினாமா செய்யாதீர்கள், விடுப்பு எடுங்கள். ஐந்தாம் வகுப்புக்கு உங்கள் தெருவுக்கு அருகிலுள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளியையோ மாநகராட்சிப் பள்ளியையோ பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட மூன்று வழிகளில் அது இல்லாதது எனக்கு வருத்தமாக இருந்தது. எல்லா அரசுப் பள்ளியும் நன்றாக இருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில் உட்காரும், அதுவும் உண்மை. ஆனால் நல்ல தலைமை ஆசிரியர் உள்ள பள்ளி என்றால், ஆறாம் வகுப்புக் கதவும் உங்களுக்குத் திறந்தே இருக்கும், உங்கள் வேலையும் இருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் நான்கில் மூன்று பங்கு, உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். உடைந்த தாழ்ப்பாளைப் பற்றிக் கூட்டத்தில் எழுந்து கேட்க உங்களுக்கு அங்கே நாற்காலி உண்டு. இப்போது கட்டணம் கட்டும் பள்ளியில் அது இல்லை.

பள்ளியைப் பார்க்கப் போவதென்றால் பத்து மணிக்குப் போகாதீர்கள். காலை உணவு நேரத்துக்கு, எட்டரைக்குள் போங்கள். 2022இல் ஆரம்பித்த திட்டம், இப்போது தொடக்கப் பள்ளிகளில் நடக்கிறது. பொங்கலோ கிச்சடியோ தட்டில் விழும் அந்த அரை மணி நேரத்தில், ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் எந்தக் குரலில் பேசுகிறார்கள் என்று ஓரமாக நின்று கேளுங்கள். பிறகு கழிப்பறைக் கதவைத் திறந்து பாருங்கள். மகளையும் கையோடு கூட்டிப்போங்கள், பாட்டிலில் தண்ணீரோடு.